அந்தப் பெரியவர் அரை மணி நேரம் எதைப் பார்த்தார்?

கேள்வி இதுதான். அழகர்கோவில் சாலையில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் 1960-களின் புல்லட் ஒன்றை முழுக்கச் சீர்செய்து நிறுத்தியிருக்கிறார்கள். வந்தவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு பந்திக்குப் போய்விட்டார்கள். வேட்டி கட்டிய ஒரு பெரியவர் மட்டும் அரை மணி நேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார், குனிந்திருக்கிறார், குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் "நல்ல கை" என்று மட்டும் சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிட்டாராம். "பளபளப்பைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவர் எதைப் பார்த்தார்?" என்று ஒரு தம்பி கேட்கிறார்.

அந்தப் பெரியவரை எனக்குத் தெரியாது. ஆனால் எதைப் பார்த்திருப்பார் என்று ஓரளவு சொல்ல முடியும். என் தாய்மாமா சிம்மக்கல் பக்கம் லேத்து பட்டறை வைத்திருந்தார். பள்ளிக்கூட லீவில் அங்கே இரும்புத்தூள் பெருக்கப் போனவன், 35 வருடமாக அதே வாசத்தில்தான் இருக்கிறேன். இப்போது கே.புதூரில் சின்னதாக ஒரு பட்டறை. சோறு போடுவது லேத்து வேலை. பழைய வண்டி வேலை ஆசைக்கு, அதில் மிச்சம் எதுவும் நின்றதாக என் வீட்டுக்காரி சொல்ல மாட்டாள்.

முதலில் அந்த வார்த்தையைப் பாருங்கள். "நல்ல வண்டி" என்று அவர் சொல்லவில்லை, "நல்ல கை" என்றிருக்கிறார். சமையலுக்குக் கைப்பக்குவம், வைத்தியருக்குக் கைராசி என்கிற மாதிரி, பட்டறைகளில் ஒரு வேலையைப் பார்த்ததும் "யார் கை?" என்றுதான் கேட்போம். சொந்தக்காரர் யார், எவ்வளவு ஆச்சு என்பதெல்லாம் அப்புறம். அந்தக் கை எங்கே உழைத்திருக்கிறது, எங்கே போதும் என்று நின்றிருக்கிறது, இந்த இரண்டையும்தான் அவர் தேடியிருப்பார். பழைய வண்டி வேலையில் செய்வது பாதி, செய்யாமல் விடுவது பாதி. புதுப் பையன்களுக்கு முதல் பாதி ஒன்றிரண்டு வருடத்தில் வந்துவிடும். இரண்டாவது பாதி சிலருக்குக் கடைசிவரை வருவதே இல்லை.

டேங்கிலிருந்து ஆரம்பிப்போம். நீங்கள் அதன் பளபளப்பைப் பார்த்தீர்கள், அவர் அதில் விழுந்த டியூப்லைட்டைப் பார்த்திருப்பார். மண்டப வாசலில் வரிசையாக டியூப்லைட் கட்டியிருப்பார்களே, அந்த வெளிச்சம் டேங்கின் வளைவில் ஒரு கோடாக விழும். தலையை மெல்ல அசைத்தால் கோடும் நகரும். தகடு சீராக இருந்தால் கோடு வழுக்கிக்கொண்டே போகும். ஒடுக்கை ஒழுங்காக எடுக்காமல், பள்ளத்தை நிரப்பும் பசையான பட்டியைப் பூசி மூடியிருந்தால், அந்த இடம் வந்ததும் கோடு ஒரு நெளி நெளிந்துவிட்டுப் போகும். பெயிண்ட் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் இதை மறைக்காது. பளபளப்பு கூடக் கூட நெளிவும் கூடுதலாகத்தான் தெரியும்.

ஒடுக்கு எடுப்பது தனி வித்தை. நான் பார்த்ததிலேயே நல்ல டிங்கர் ஒருவர் இருந்தார். டேங்கின் வாய் வழியாக உள்ளே விட விதவிதமாக வளைத்த கம்பிகள் ஒரு சாக்கு நிறைய வைத்திருப்பார். வெளியே ஒரு சின்னச் சுத்தியல். அவர் தட்டுவது பக்கத்து ஆளுக்குக் கேட்காது. நாலு தட்டு தட்டிவிட்டுச் சுத்தியலைக் கீழே வைப்பார். தோளில் கிடக்கும் துண்டின் ஓரத்தை டேங்கின் மேல் விரித்து, அதற்கு மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவுவார். வெறும் கை தகட்டில் ஒட்டும். துணி நடுவில் இருந்தால் கை வழுக்கும், மேடு பள்ளம் மட்டும் உள்ளங்கைக்குத் தெரியும். "இங்கன ஒரு காகிதக் கனத்துக்கு மேடு கெடக்கு" என்பார். நான் தடவிப் பார்த்தால் எனக்கு எல்லாம் சமமாகத்தான் இருக்கும். மறுபடியும் நாலு தட்டு. ஒரு டேங்குக்கு அவர் 11 நாள் எடுத்துக்கொண்டார். பட்டி என்றால் ஒரு சாயங்காலத்தில் முடிந்திருக்கும்.

பட்டியே போடக்கூடாது என்று சொல்ல வரவில்லை. மெலிசாக எல்லோரும் போடுவதுதான். விரல் கனத்துக்கு அப்பினால்தான் வம்பு. புல்லட் இன்ஜின் அதிர்வும் மதுரை சித்திரை வெயிலும் சேர்ந்தால் அது ரொம்ப நாள் தாங்காது, முதலில் மயிரிழை மாதிரி வெடிப்பு, அப்புறம் பொருக்கு. சந்தேகம் இருந்தால் சின்னக் காந்தத்தை ஒரு துணியில் சுற்றி வைத்துப் பார்க்கலாம். பட்டி கனமான இடத்தில் பிடிக்காது. ஆனால் கல்யாண வீட்டில் அடுத்தவர் வண்டியில் காந்தம் வைத்துப் பார்க்கிற ஆளாக அந்தப் பெரியவர் தெரியவில்லை. அவருக்கு டியூப்லைட் போதும்.

பெயிண்ட்டைப் பற்றி நம் ஊரில் "டூக்கோ அடிச்சிருக்கு" என்று சொல்வோம். டூக்கோ என்பது அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி 1920-களில் கொண்டுவந்த பெயிண்ட்டின் பெயர். சீக்கிரம் காயும் என்பதால் கார் கம்பெனிகள் அதைக் கொண்டாடின. இன்று அடிப்பது வேறு சரக்கு, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போதைய பெயிண்ட்டில் மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு வரும். தேனில் முக்கி எடுத்தது போல வழவழவென்று இருக்கும். பழைய புல்லட்டின் கறுப்புக்கு அந்த ஆழம் கிடையாது. எண்ணெய் தேய்த்த கருங்கல் சிலையின் கறுப்பு அது. அதைக் கொண்டுவர வேண்டும் என்றால் பெயிண்டர் வேண்டுமென்றே கொஞ்சம் அடங்கிப் போக வேண்டும். தண்ணீர்த்தாளில் 400, 800, 1200 என்று படிப்படியாகத் தேய்த்துவிட்டு, கடைசிப் பளபளப்புக்கு முன்னால் நின்றுவிட வேண்டும். கஸ்டமர் பணம் கொடுக்கும்போது இது சாமானிய காரியமில்லை. "என்ன, டல்லா இருக்கு?" என்று கேட்பார்.

அப்புறம் பருவம். நல்ல பெயிண்டர் ஆடியில் வேலை எடுக்க யோசிப்பார், காற்றில் பறக்கிற மண் ஈரப் பெயிண்ட்டில் வந்து உட்காரும். அக்னி நட்சத்திரத்தில் தின்னர் பறந்துவிடும், பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்து ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிடும். மழைக்காலத்தில் ஈரப்பதத்தால் மேலே வெண்மை படரும். மாசி, பங்குனிதான் வசதி. அவசரப்படுத்தினால் வண்டியில் தெரிந்துவிடும்.

டேங்கின் ஓரத்தில் போகும் தங்கக் கோட்டுக்கு வருவோம். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தது அநேகமாக இதற்காகத்தான் இருக்கும். என்ஃபீல்டின் சென்னைத் தொழிற்சாலையிலேயே புல்லட் டேங்குக்குக் கோட்டைக் கையால்தான் இழுத்து வந்தார்கள். இன்று ஸ்டிக்கர் கிடைக்கிறது. ஐந்து நிமிடத்தில் ஒட்டிவிடலாம். ஸ்டிக்கர் கோடு முழுக்க ஒரே கனம், அதன் விளிம்பு நகத்தில் தட்டும். கைக்கோடு வளைவில் இம்மியளவு மெலியும், நேரில் வந்ததும் பழைய கனத்துக்குத் திரும்பும்.

எனக்குக் கோடு போட்டுத் தருகிறவர் ஒரு காலத்தில் போர்டு எழுதியவர். மதுரையில் கட்சிக்காரர்களுக்கும் சினிமாக் கொட்டகைகளுக்கும் பேனர் எழுதிப் பிழைத்த கைகள் எத்தனையோ, ஃப்ளெக்ஸ் வந்து அத்தனையையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இவர் டேங்கை மடியில் வைத்துக்கொள்வார். நீள முடி வைத்த ஒல்லிப் பிரஷ். பெயிண்ட்டைக் கண்ணாடித் துண்டில் எடுத்து பிரஷ்ஷை முன்னும் பின்னும் இழுத்து முடியைக் கூர்மையாக்குவார். சுண்டுவிரல் டேங்கின் விளிம்பில் ஊன்றியிருக்கும், அதுதான் அவருக்கு ஸ்கேல். மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பிப்பார். கை நகராது, தோள்தான் நகரும். ஒரே இழுப்பில், டேங்கில் முழங்கால் படுகிற இடத்து ரப்பரான முட்டிப் பட்டை வரைக்கும் போய், அங்கே பிரஷ்ஷைச் சட்டென்று தூக்காமல் காற்றில் கரைகிற மாதிரி எடுப்பார். அதற்குப் பிறகுதான் மூச்சு வெளியே வரும். அந்த நேரத்தில் யாராவது டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது, துடைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். கோட்டின் இரண்டு முனையும் சேரும் இடத்தை சீட்டுக்குக் கீழே ஒளித்து வைப்பார். நீங்கள் பார்த்த வண்டியில் அந்தச் சேர்மானத்தைத்தான் பெரியவர் குனிந்து தேடியிருக்க வேண்டும். கிடைத்திருந்தால் அது கைக்கோடு.

குரோமைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சைலன்சர், ரிம், ஹேண்டில்பார் இவற்றின் வெள்ளிப் பளபளப்பு ஒரே பூச்சு இல்லை. ஒழுங்கான வேலை என்றால் அடியில் செம்பு, அதன் மேல் நிக்கல், கடைசியில் குரோமியம். அந்தக் கடைசிப் பூச்சு ஒரு மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கில், பாதிகூட இருக்காது. கண்ணுக்குத் தெரியும் மினுமினுப்பில் பெரும்பகுதி நிக்கலுடையது, அதற்கும் கீழே இரும்பைப் பஃப், அதாவது துணிச் சக்கரம், போட்டுத் தேய்த்தவனுடையது. செம்பையும் நிக்கலையும் மிச்சம் பிடித்தால் இரண்டு மழைக்காலத்தில் சொறி பிடித்துவிடும்.

குரோம் எங்கே இருக்கிறது என்பதைவிட எங்கே இல்லை என்பதைத்தான் அவர் கவனித்திருப்பார். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது நட்டு போல்டெல்லாம் மங்கலான சாம்பல் நிறத்தில்தான் இருந்தன. இப்போது கையில் காசிருப்பவர்கள் கிடைத்ததையெல்லாம் குரோம் தொட்டியில் முக்கிவிடுகிறார்கள். வண்டி கல்யாணப் பெண் மாதிரி நிற்கும். பார்க்க அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வண்டி ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

நட்டு என்றதும் இன்னொன்று. அந்தக் காலப் புல்லட்டில் இருப்பது இங்கிலாந்து மரை. விட்வொர்த் வகை மரைகளின் கோணம் 55 டிகிரி, இன்று கடையில் வாங்குகிற மெட்ரிக் நட்டு போல்டுக்கு 60 டிகிரி. ஒரு இஞ்சுக்கு எத்தனை மரை என்ற கணக்கும் வேறு. கிட்டத்தட்ட ஒத்துப்போகிற நட்டு ஒன்று இரண்டு சுற்று சாதுவாக ஏறும். மூன்றாவது சுற்றில் இறுகும். நன்றாக டைட் ஆகிவிட்டது என்று பையன் சந்தோஷப்படுவான், உள்ளே மரை கிழிந்துகொண்டிருக்கும். பழைய வண்டியின் அலுமினியப் பாகங்களில் பாதி இப்படித்தான் நாசமாகியிருக்கும். நல்ல கை என்றால் அந்த ஓட்டையை மறுபடி அடைத்து, துளைத்து, பழைய மரையையே வெட்டி, பழைய அளவு நட்டையே மாட்டியிருக்கும். ஸ்பானர் வழுக்கி மூலை மழுங்காத நட்டுகளைப் பார்த்தாலே பெரியவருக்குப் புரிந்திருக்கும், அவனிடம் சரியான ஸ்பானர் செட் இருக்கிறது, கட்டிங் பிளேயரால் திருகிய ஆள் இல்லை என்று.

இப்போது என் கதை ஒன்று. அது 1990-கள். மாமா போய்ச் சேர்ந்து நான் தனியாகச் செய்த முதல் பெரிய வேலை. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வாத்தியார், அவருடைய அப்பா ஓட்டிய புல்லட். நான் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தேன். புல்லட் இன்ஜினில் பக்கவாட்டு மூடிகள் மட்டும்தான் தேய்த்துப் பளபளப்பாக்கியவை, நடுவில் உள்ள கிராங்க் கேஸ், அதாவது இன்ஜினின் அடிக்கூடு, அச்சில் வார்த்த சொரசொரப்போடே இருக்கும். எனக்கு அது அழுக்காகத் தெரிந்தது. பஃப் வீலில் கொடுத்துக் கண்ணாடியாக்கினேன். டேங்கின் மேல் பக்கம் ஒரே இடத்தில் ஒரு கொத்துக் கீறல் இருந்தது, அதையும் தேய்த்துச் சமப்படுத்திப் புதுப் பெயிண்ட் அடித்தேன். வாத்தியார் வந்தார். சுற்றி வந்தார். டேங்கின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். "ரொம்ப நல்லா பண்ணிருக்கீங்க தம்பி. எங்கப்பா வண்டி எங்க?" என்று கேட்டார். பெட்ரோல் போடும்போது அவர் அப்பா சாவிக்கொத்தை வைக்கிற இடமாம் அது.

பேசிய காசைக் கொடுத்துவிட்டுத்தான் போனார். எனக்குத்தான் அந்தக் காசு செரிக்கவில்லை. நம் பக்கத்துக் கோயில் தூண்களில் மணல் வீச்சு அடித்துச் சுத்தம் செய்கிறேன் என்று உளி பட்ட நுணுக்கமெல்லாம் மழுங்கிப் போனதைப் பார்த்திருப்பீர்கள். எந்தச் சிற்பி எந்தக் கோணத்தில் உளியை வைத்தான் என்பது அதோடு போச்சு. கிராங்க் கேஸிலும் நான் செய்தது அதேதான். வார்ப்படக்காரனின் மணல் தடம் அது, பஃப் போட்ட பிறகு திரும்ப வராது. இன்றைக்கு ஒரு பழைய வண்டி வந்தால் முதல் வாரம் ஸ்பானரையே தொடுவதில்லை. சொந்தக்காரரை உட்கார வைத்துப் பேசுகிறேன். எந்த ஒடுக்கு யாருடையது என்று கேட்டுக்கொள்கிறேன்.

சக்கரம். 19 இஞ்சு ரிம், 40 கம்பி. கம்பி கட்டிக் கோட்டம் எடுப்பதை இன்று மெஷினிலும் செய்யலாம். முனிச்சாலைப் பக்கம் ஒரு சைக்கிள் கடைத் தாத்தா வெறும் சாக்பீஸ் துண்டால் செய்வார். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, சாக்பீஸை ரிம் ஓரத்தில் அசையாமல் பிடிப்பார். வெளியே தள்ளியிருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும். அங்கே இந்தப் பக்கக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்தி, அந்தப் பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்குவார். அழித்துவிட்டு மறுபடி சுற்றுவார். முடிந்ததும் ஒரு ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டே போவார். எல்லாம் ஒரே சுருதியில் பேச வேண்டும். ஒன்று தளர்ந்திருந்தாலும் மொத்தையாக "டொக்" என்னும். பெரியவர் கம்பியில் விரலால் சுண்டிப் பார்த்தாரா? பார்த்திருந்தால் அதற்குத்தான்.

இவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிவதைச் சொன்னேன். தெரியாத ஒன்றையும் அவர் மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பார். இதில் எத்தனை பாகம் இந்த வண்டியுடையது?

அதற்குக் கொஞ்சம் சரித்திரம் வேண்டும். இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊரிலிருந்து வந்தது ராயல் என்ஃபீல்ட். நம் ராணுவம் 1950-களில் எல்லைக் காவலுக்கு 350 சி.சி. புல்லட்டை வாங்கியது. அதைத் தொடர்ந்து 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிச்சும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா ஆனது, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழும்பியது. முதலில் அங்கிருந்து பாகங்கள் வரும், இங்கே பூட்டுவார்கள். அப்புறம் பாகங்களும் இங்கேயே. இங்கிலாந்தில் ரெடிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது, 1970-ல் கம்பெனியே முடிந்தது. தாய்வீட்டில் அடுப்பு அணைந்த பிறகும் மகள் வீட்டில் அதே குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சிலிண்டரின் குறுக்களவு (போர்) 70 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் (ஸ்ட்ரோக்) 90 மில்லிமீட்டர், 346 சி.சி., வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்று அதே அமைப்பு பல பத்தாண்டுகள் பெரிதாக மாறாமல் வந்தது.

இது வரமும் சாபமும். 1964 வண்டிக்கு 1990 வண்டியின் பாகம் பொருந்திவிடும். அதனால் ஓடாமல் நின்ற பழைய புல்லட் குறைவு, அதே காரணத்தால் அவியலாகாத பழைய புல்லட்டும் குறைவு. ஆர்.சி.யில் 1964 இருக்கும். வண்டியில் ஒரு பத்தாண்டின் மட்கார்டு, இன்னொரு பத்தாண்டின் கியர் பாக்ஸ், பிளாஸ்டிக் சுவிட்சு, இண்டிகேட்டர். விளக்கு, ஸ்பீடாமீட்டர், மின்னோட்டம் காட்டும் ஆம்பியர் மீட்டர் எல்லாவற்றையும் ஒரே அலுமினிய வார்ப்புக்குள் வைத்து, மேலே இரண்டு பக்கமும் பூனைக்கண் மாதிரி குட்டி விளக்கு வைத்த அந்த முகப்பைப் பார்த்திருப்பீர்களே, நான் முதலில் பார்ப்பது அதைத்தான். விழுந்து எழுந்த வண்டியில் அதுதான் முதலில் உடையும், உடைந்ததைப் பற்றவைத்த தழும்பு உள்பக்கம் இருக்கும். தழும்போடு பழையதையே வைத்திருந்தால் என் மதிப்பில் அந்த வேலைக்காரனுக்குக் கூடுதல் மார்க்.

பாகமே கிடைக்காத வண்டி என்றால் கை இன்னும் நன்றாகத் தெரியும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக லட்சத்துக்கும் மேல் செய்த பி.எஸ்.ஏ. எம்20 என்று ஒரு வண்டி. 496 சி.சி. போர் முடிந்து ராணுவம் கழித்துக் கட்டியவை நம் பக்கத்திலும் கொஞ்சம் ஓடின. முன்பக்கம் இப்போதைய டெலஸ்கோப் ஃபோர்க் கிடையாது, இரும்புச் சட்டம் போட்டு நடுவில் ஒரு பெரிய ஸ்பிரிங். அந்தச் சட்டம் ஆடுகிற இடத்து புஷ், அதாவது உள்ளே செருகிய உலோக வளையம், தேய்ந்துவிட்டால் ஹேண்டில் குடிகாரன் மாதிரி ஆடும். வாங்கக் கடை இல்லை. மாமா பாஸ்பர் பிரான்ஸ் என்கிற வெண்கல வகைக் கம்பியை லேத்தில் பிடித்து ஒவ்வொரு புஷ்ஷாகக் கடைந்தார். ஒரு தௌ, அதாவது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கூடினால் உள்ளே போகாது, குறைந்தால் ஆடும். அளவு பார்த்துவிட்டு மைக்ரோமீட்டரை என்னிடம் கொடுத்து "நீ பாரு" என்பார். நான் சொன்ன அளவும் அவர் அளவும் ஒத்துப்போன அன்றைக்குத்தான் என்னை லேத்தைத் தொட விட்டார். எட்டு புஷ் கடைந்தார். வண்டியில் மாட்டிய பிறகு ஒன்றுகூட வெளியே தெரியவில்லை.

இந்த ஊரில் இப்படிக் கைகள் இருப்பதற்குக் காரணம் உண்டு. டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையை வைத்து பஸ் கம்பெனி தொடங்கிய காலத்திலிருந்து இங்கே ஒர்க்‌ஷாப்புகள் உண்டு. போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரியை எரித்து அந்த வாயுவில் வண்டி ஓட்டும் கருவியை டி.வி.எஸ்.ஸில் செய்தார்கள். அங்கே தொழில் படித்தவர்கள் வெளியே வந்து பட்டறை போட்டார்கள், அவர்களிடம் எங்கள் மாமா மாதிரி ஆட்கள் படித்தார்கள். இப்படியே சங்கிலி.

நம்பர் விஷயத்தை ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வண்டியைப் பார்த்துவிட்டு நீங்களும் ஒன்று வாங்கக் கிளம்பலாம். இன்ஜின் நம்பரும் சேஸ் நம்பரும் பெயிண்ட்டுக்கு அடியில் புதையாமல் படிக்கும்படி இருக்க வேண்டும், ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். தேய்த்துவிட்டு மறுபடி அடித்த நம்பர் என்றால் வண்டி தங்கமே ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். 50 வருடத்துக்கு மேற்பட்ட, அசல் அமைப்பு மாறாத வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனிப் பதிவு கொண்டுவந்தது. நம்பரில் வி.ஏ. என்று வரும், முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் அந்தப் பதிவு வாங்கினால் தினசரி ஆபீசுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான். எனக்கு அதில் மனசில்லை. ஓடாத புல்லட், பேசாத கிளி.

வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டியிருந்தால் பெரியவர் இன்னும் பத்து நிமிடம் கூடுதலாக நின்றிருப்பார். பழைய புல்லட்டை உதைத்துக் கிளப்புவதே ஒரு சடங்கு. பேட்டரி காயில் வண்டி, அதாவது ஸ்பார்க்குக்கு பேட்டரியை நம்புகிற வண்டி என்றால் சாவியைப் போட்டுவிட்டு, கிக்கரைக் காலால் மெதுவாக அழுத்திக்கொண்டே ஆம்பியர் மீட்டரைப் பார்க்க வேண்டும். முள் இடது பக்கம் சாய்ந்திருக்கும். பாயிண்ட், அதாவது ஸ்பார்க்கை விடுகிற சுவிட்சு, திறக்கிற இடம் வந்ததும் முள் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, இடது கையில் உள்ள, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்து, இம்மி மட்டும் கிக்கரை நகர்த்தி, லீவரை விட்டு, கிக்கர் முழுக்க மேலே வந்த பிறகு ஒரே மிதி. பலம் தேவையில்லை. எங்கள் தெருவில் ஒல்லியாக ஒரு போஸ்ட் மாஸ்டர் செருப்புக் காலோடு இதைச் செய்வார். முள்ளைப் பார்க்காமல் வீரத்தைக் காட்டினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கி நாட்டு வைத்தியரிடம் போனவர்களின் பட்டியல் என்னிடம் உண்டு.

கிளம்பிய பிறகு ஐடிலிங். இரண்டு "டுப்"புக்கு நடுவில் ஒரு சின்ன மௌனம் இருக்க வேண்டும். நீள ஸ்ட்ரோக், இன்ஜினுக்குள் ஃபிளைவீல் என்கிற கனத்த சக்கரம், அதனால் அவ்வளவு மெதுவாகச் சுற்றியும் நின்றுவிடாது. பாயிண்ட் இடைவெளி, டைமிங், கார்பரேட்டர், வால்வைத் தள்ளும் டாப்பெட், நாலும் சரியாக இருந்தால்தான் அந்த மௌனம் வரும். பெயிண்ட்டில் ஏமாற்றலாம், இதில் முடியாது. சைலன்சரை மாற்றிச் சத்தத்தைப் பெரிதாக்குகிறவர்கள் அந்த மௌனத்தைத்தான் முதலில் கொன்றுவிடுகிறார்கள். அவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இது முடியாது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் தம்பி. வண்டிக்கு அடியில், இன்ஜினுக்கு நேர் கீழே, அட்டைத் துண்டோ பழைய பேப்பரோ விரித்திருந்தார்களா? அந்தக் காலப் புல்லட் நின்ற இடத்தில் ரெண்டு சொட்டு எண்ணெய் வைக்காமல் போகாது, எவ்வளவு நல்ல கை பட்டாலும். மண்டபத்து டைல்ஸ் அழுக்காகக் கூடாதே என்று அட்டை விரித்திருந்தால், அந்த வண்டி கண்காட்சிக்கு லாரியில் வந்தது இல்லை, இன்ஜினில் எண்ணெயோடு ஓட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். பெரியவர் குனிந்தது அதைப் பார்க்கவும் இருக்கலாம். அட்டை இருந்ததா என்று மட்டும் சொல்லுங்கள்.